ஐடா ஸ்கடர் அம்மையார்

திருவள்ளுவர் பொருட்பாலில் மருந்து என்றோர் அதிகாரம் வகுத்துள்ளார். அவ்வதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்று அவர் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பேணுபவர் என்பனவே அந்நான்கு கூறுகள். இவற்றுள் முதல் மூன்றையும் உலகம் எளிதில் நினைவிற் கொள்ளும். நான்காவதாக நிற்பவரையோ பெரும்பாலும் மறந்துவிடும். ஆயினும், அந்த நான்காம் கூறு குறைவுபடுமாயின் ஏனைய மூன்றும் தம் பயனை இழந்துவிடும். இவ்வுண்மையைத் தம் நீண்ட வாழ்நாளில் செய்த பணியால் தமிழ்நாட்டிற்கு விளக்கிக் காட்டியவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த பழந்துறைப் பட்டினம் பரங்கிப்பேட்டை. அவ்வூரின் பெயரே கடல் கடந்து வந்தோரை நமக்கு நினைவூட்டும். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் எனப் பல நாட்டார் அத்துறையில் வந்து இறங்கினர். அவர்கள் நாடி வந்தது வாணிகம். நாளடைவில் வாணிகம் போராக மாறியதும், போர் ஆட்சியாக மாறியதும் வரலாற்றில் நாம் படித்தவை. ஆனால், பொருள் தேடி வந்தவர்களுக்கு இடையே, பிறர் துயர் துடைக்க வந்தவர்களும் சிலர் இருந்தனர். பரங்கிப்பேட்டையும் கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியில் திண்டிவனம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் ஓர் இரவு நிகழ்ந்த நிகழ்ச்சி, ஓர் இளம்பெண்ணின் உள்ளத்தை மாற்றியது. அதன் பயனாகத் தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றிலும் ஒரு புதிய பக்கம் தொடங்கியது.

பிறப்பும் இளமையும்

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் வடஆர்க்காட்டைச் சேர்ந்த இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் என்பார் அமெரிக்க மருத்துவர். அவர் 1819ஆம் ஆண்டில் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டு இலங்கையை அடைந்து, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவத் தொண்டு செய்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவர் மக்களும் பெயரர்களும் அத்தொண்டினையே குலத்தொழில்போல் மேற்கொண்டனர். ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே. தாயார் சோபியா அம்மையார். தமையன்மார் பலருக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஆதலின், ஐடா செல்வமாக வளர்ந்தார்.

அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய அதனைத் தாதுவருடப் பஞ்சம் என்று முதியோர் கூறுவர். எலும்பும் தோலுமாய் வந்து நின்ற சிறுவர்களுக்கு உணவளிக்கும் பணியில் அச்சிறுமியும் பங்குகொண்டார். உணவைக் கையில் ஏந்தவும் வலிமையற்றிருந்த அக்குழந்தைகளின் தோற்றம் அவருடைய நெஞ்சில் ஆழப் பதிந்தது. பின்னர் அக்குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் பெற்றோர் மீண்டும் தமிழகம் போந்தனர். ஐடா அங்கேயே தங்கிக் கல்வி பயின்றார்.

இளமையில் அவருக்கு இந்நாட்டிற்குத் திரும்பும் எண்ணமே இல்லை. பஞ்சமும் வெயிலும் பிணியும் மிக்க நாட்டில் தம் முன்னோரைப் போல் உழைத்து வாழ்நாளைக் கழிக்க அவர் விரும்பவில்லை. அமெரிக்காவிலேயே இனிது வாழ வேண்டும் என்பதே அவர் அவா. 1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றார் என்ற செய்தி கிடைத்தது. தாய்க்குத் துணையாகச் சிலகாலம் இருந்துவிட்டு மீளலாம் என்று கருதியே அவர் கப்பலேறினார்.

திண்டிவனத்து இரவு

அப்பொழுது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். ஓர் இரவு ஐடா விளக்கொளியில் தனித்து அமர்ந்திருந்தார். அந்தணர் ஒருவர் விரைந்து வந்து, தம் இளமனைவி பிள்ளைப்பேற்றுத் துன்பத்தால் உயிருக்குப் போராடுவதாகவும், ஐடா உடனே வந்து உதவவேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையார் மருத்துவர். அவரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைக் காண்பது குலவழக்கத்திற்கு ஒவ்வாது என்று கூறி அவ்வந்தணர் வருந்தித் திரும்பினார். அவர் சென்ற சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவர் இல்லத்திலும் அதே துன்பம். அவர் வேண்டுகோளும் அதுவே. அவர் மறுப்பும் அதுவே. மூன்றாவதாக மற்றோர் இந்துக் குடும்பத்தார் வந்தனர். அவர்களும் வெறுங்கையுடன் மீண்டனர்.

ஐடா அவ்விரவு உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாப்பறை ஒலி கேட்டது. ஏவலாளரை அனுப்பி உசாவியபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. மருத்துவர் ஒருவர் அதே ஊரில் இருந்தார், மருந்தும் இருந்தது, அருகில் சென்று தொட்டுப் பேண ஒரு பெண்ணின் கை இல்லாமையால் மூன்று உயிர்கள் மாய்ந்தன. இவ்வுண்மை அவர் உள்ளத்தைச் சுட்டது. அன்று காலையிலேயே தாம் மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்குத் தொண்டு செய்யப்போவதாகப் பெற்றோரிடம் அவர் உறுதி கூறினார்.

மருத்துவக் கல்வியும் வேலூர் வருகையும்

அமெரிக்கா மீண்ட ஐடா 1895ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அங்குச் சென்று 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். தாயகம் செல்லும் முன் மருத்துவமனை கட்டுவதற்குப் பொருள் திரட்ட முயன்றார். நியூயார்க்கைச் சேர்ந்த முதிய வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா அம்மையார் வேலூரை அடைந்தார். தந்தையாரிடம் சிலகாலம் பழகித் தொழிலில் தேர்ச்சி பெறலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால், அவ்வாண்டு மே மாதத்திலேயே தந்தையார் மறைந்தார். அனுபவம் இல்லாத இளம் மருத்துவர் தனித்து நின்றார். பெண் ஒருவர் மருத்துவம் செய்வாரா என்று மக்கள் ஐயுற்றனர். தொடக்கத்தில் நோயாளிகள் அரியராகவே வந்தனர். அவர் தம் இல்லத்தில் ஒரு சிற்றறையில் ஒரே கட்டிலுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஐயம் மெல்ல நீங்கியது. இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வேலூரில் திறக்கப்பெற்றது. பொருள் வழங்கியவரின் மனைவியார் பெயரால் அது மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எனப்பட்டது.

கட்டடம் எழுந்தது, கட்டில்களும் வந்தன. ஆனால், ஒரு பெருங்குறை புலனாயிற்று. மருத்துவர் ஒருவரே, அவருக்கு இருப்பன இரண்டு கைகளே. அறுவை முடிந்த நோயாளியை இரவெல்லாம் காத்து நிற்பவர் யார்? புண்ணைக் கழுவிக் கட்டுபவர் யார்? கருவிகளைக் கொதிக்க வைத்துத் தூய்மை செய்பவர் யார்? பிறந்த குழந்தையையும் தாயையும் பிரித்தறிந்து பேணுபவர் யார்? இப்பணிகளுக்குரிய பயிற்சி பெற்ற பெண்கள் அந்நாளில் மிக அரியர்.

கைகளின் வழியே பரவும் நோய்

இக்குறை எத்துணைப் பெரிது என்பதை உணர்வதற்கு, ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை ஈண்டு அறிதல் வேண்டும். ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. அங்குப் பிள்ளைப்பேற்றுக்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் மகப்பேற்றுக்கு வந்த தாய்மாருள் 100க்கு 11 பேர் காய்ச்சல் கண்டு இறந்தனர். இரண்டாம் பிரிவில் 100க்கு 3 பேரே இறந்தனர். செம்மல்வெய்ஸ் என்னும் இளம் மருத்துவர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்த கைகளுடனே தாய்மாரைத் தொட்டனர் என்பதைக் கண்டார். 1847ஆம் ஆண்டில், குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே நோயாளியைத் தொடவேண்டும் என்று அவர் விதித்தார். அடுத்த ஆண்டில் முதற்பிரிவின் இறப்பு 100க்கு ஏறத்தாழ 1 என்னும் அளவிற்குக் குறைந்தது. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு உலகிற்குத் தெளிவாகாத காலம் அது. ஆகவே, அவர் கூற்றைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1865ஆம் ஆண்டில் அவர் மனம் நொந்தவராய் மறைந்தார். பாஸ்டர், லிஸ்டர் முதலிய அறிஞரின் ஆராய்ச்சிகள் வெளிவந்த பின்னரே அவர் கண்டது உண்மை என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

உயிரைக் காக்கும் கையே தூய்மையற்றதாயின் உயிரைப் போக்கும் கையாகிவிடும். ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவப்பெறாமல் மற்றொரு நோயாளியைத் தொடுமாயின், முன்னவர் நோய் பின்னவரைப் பற்றும். ஆகவே, மருத்துவமனையில் பலர் கைகள் இருந்தால் மட்டும் போதாது. அவை பயின்ற கைகளாகவும் தூய கைகளாகவும் இருத்தல் வேண்டும். பயின்ற கைகளாக இருந்தால் மட்டும் போதாது. தூய்மையைக் காக்கப் போதிய நேரம் கிடைக்கும் அளவிற்குப் பலவாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் எது குறையினும் நோயாளிக்கே கேடு.

செவிலியர் பள்ளி

ஐடா அம்மையார் 1909ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். அமெரிக்கச் செவிலியர் டெலியா ஹௌட்டன் அம்மையார் அதனை நடத்தினார். வேலூரில் மருத்துவப் பள்ளி தோன்றுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே செவிலியர் பள்ளி தோன்றிவிட்டது என்பதை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மருத்துவர் பலரை உருவாக்கும் முன், நோயாளியின் அருகில் நிற்கும் கைகளை உருவாக்க அங்கு வழி செய்யப்பட்டது.

இப்பணி எளிதாக நடைபெற்றது என்று எண்ணிவிடலாகாது. அந்நாளில் பெண்கள் கல்வி கற்பதே அரிது. வீட்டை விட்டு வெளியே தங்கிப் பணிபுரிவது அதனினும் அரிது. இரவில் விழித்திருந்து வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஊரார் பலவாறு பேசினர். குருதியையும் சீழையும் மலத்தையும் துடைப்பது இழிந்தோர் தொழில் என்று கருதிய காலம் அது. சாதி வேற்றுமை பாராது எவர் உடலையும் தொட்டுக் கழுவ வேண்டும் என்றால் பெற்றோர் தம் மகளை அனுப்ப இசைவரோ? கணவனை இழந்தோரும், ஆதரவற்றோரும், வறுமையுற்றோரும் ஆகிய பெண்களே பெரும்பாலும் முதலில் இத்தொழிலை நாடினர்.

ஆயினும், பயிற்சி அவர்களை உயர்த்தியது. உடலின் அமைப்பும், நோயின் இயல்பும், மருந்தின் அளவும் அவர்கள் கற்றனர். காய்ச்சலை அளந்து எழுதவும், நாடித்துடிப்பை எண்ணவும், புண்ணின் நிறம் மாறுவதைக் கண்டு மருத்துவரை அழைக்கவும் பழகினர். ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுதல் அவர்தம் முதற்பாடமாயிற்று. ஊரார் இகழ்ந்த தொழில், அறிவும் பொறுப்பும் வேண்டிய தொழில் என்பது நாளடைவில் விளங்கியது. கட்டிலைப் பொருள் கொடுத்து வாங்கிவிடலாம். பயின்ற செவிலியரை அவ்வாறு ஒரே நாளில் பெற இயலாது. ஆண்டுக்கணக்கில் பயிற்றியே பெறுதல் வேண்டும்.

இதே காலத்தில் அம்மையார் சிற்றூர்களையும் மறந்துவிடவில்லை. வேலூருக்கு வர இயலாத ஏழை மக்களை நாடி அவரே சென்றார். மாட்டுவண்டியில் தொடங்கிய பயணம் பின்னர் மோட்டார் வண்டியில் தொடர்ந்தது. சாலையோரத்து மரநிழல்களே அவருக்கு மருத்துவமனைகள் ஆயின. குடியாத்தம் செல்லும் வழியில் குறித்த நாளில் மக்கள் கூட்டமாகக் காத்திருப்பர். அங்கும் புண்களைக் கழுவிக் கட்டும் பணியில் துணைவர்கள் அவருடன் சென்றனர்.

மருத்துவக் கல்லூரி

பெண்களுக்கு மருத்துவம் செய்யப் பெண் மருத்துவர் பலர் வேண்டும். அவர்கள் இந்நாட்டுப் பெண்களாகவே இருத்தல் வேண்டும் என்று அம்மையார் துணிந்தார். மூன்று பெண்கள் விண்ணப்பம் செய்தாலே பெரிது என்று சிலர் அவரை அச்சுறுத்தினர். 151 பெண்கள் விண்ணப்பித்தனர். 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார். 17 பெண்கள் முதல் வகுப்பில் சேர்ந்தனர். அவர்களுள் 14 பேர் படிப்பை முடித்து மருத்துவராயினர். நகரின் நடுவே பெரிய மருத்துவமனையும், பாகாயத்தில் கல்லூரியும் பின்னர் எழுந்தன. 1920ஆம் ஆண்டில் அரசு அவருக்குக் கெய்சரி இந்து பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

முதுமையிலும் ஒரு பெருஞ்சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் அனைத்தும் பல்கலைக்கழகப் பட்டம் அளிக்கும் கல்லூரிகளாக உயரவேண்டும். இல்லையேல் மூடப்படும் என்ற நிலை 1938ஆம் ஆண்டளவில் ஏற்பட்டது. அதற்குப் பெரும்பொருளும் ஆசிரியர் பலரும் வேண்டும். எழுபது ஆண்டு நிறைந்த அம்மையார் அமெரிக்கா சென்று, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிப் பொருள் திரட்டினார். 1942ஆம் ஆண்டில் பல்கலைக்கழக இசைவு கிடைத்தது. 1947ஆம் ஆண்டில் ஆண்களும் மாணவராகச் சேர்க்கப்பட்டனர்.

இவற்றிற்கு இடையில், 1946ஆம் ஆண்டில், செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் செவிலியர்க்குப் பட்டம் அளிக்கத் தொடங்கிய முதற் கல்லூரிகளுள் அஃதும் ஒன்று. ஒருகாலத்தில் பெற்றோர் தம் பெண்ணை அனுப்ப நாணிய தொழிலுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அம்மையார் பொறுப்புகளினின்றும் ஓய்வு பெற்றார். கோடைக்கானல் மலையில் தங்கி இறுதி நாள்களைக் கழித்த அவர், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89ஆம் அகவையில் இயற்கை எய்தினார்.

தீவிர சிகிச்சையும் செவிலியர் எண்ணிக்கையும்

அம்மையார் மறைந்த பின்னர் மருத்துவம் வியக்கத்தக்க வளர்ச்சி பெற்றது. இந்தியாவில் தொடக்கத்தில் நிகழ்ந்த திறந்த இதய அறுவைகளுள் ஒன்று 1961ஆம் ஆண்டில் வேலூரில் நடைபெற்றது. 1971ஆம் ஆண்டில் அங்குச் சிறுநீரக மாற்று அறுவையும் நடந்தது. இத்தகைய அறுவைகளை மருத்துவர் சில மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதன்பின் நோயாளி பல நாள்கள் செவிலியரின் கைகளிலேயே இருப்பார். அவ்வாறு உயிருக்குப் போராடும் நோயாளிகளை ஒருங்கே வைத்துக் காக்கும் இடமே தீவிர சிகிச்சைப் பிரிவு எனப்படும்.

அப்பிரிவு தோன்றிய வரலாறே கைகளின் வரலாறுதான். 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுவிட இயலாமல் பலர் மாண்டனர். தொண்டையில் குழாய் பொருத்திக் கையால் பையை அழுத்தி மூச்சூட்டும் முறையை இப்சன் என்னும் மருத்துவர் கையாண்டார். மூச்சூட்டும் கருவிகள் போதிய அளவில் இல்லாமையால் மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், நோயாளியின் அருகிலிருந்து பையை அழுத்தினர். இறப்பு பெரிதும் குறைந்தது. இதன் தொடர்ச்சியாகவே தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பு உருவாயிற்று.

அப்பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு மூச்சுக்குழலில் ஒரு குழாய், பெரிய இரத்தக்குழாயில் ஒரு குழாய், சிறுநீர் வழியில் ஒரு குழாய் எனப் பல குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். உயிரைக் காக்கும் அக்குழாய்களே கிருமிகள் நுழையும் வாயில்களாகவும் அமையும். ஆகவே, செவிலியர் அவற்றை இடையறாது கவனித்தல் வேண்டும். நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தல், வாயைத் தூய்மை செய்தல், உடலைத் திருப்பிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வாராமல் காத்தல், குழாய் பொருத்திய இடத்தைப் பார்த்து வருதல் ஆகிய பணிகள் நாள் முழுவதும் தொடரும். நோயாளியைத் தொடுமுன்னும், குழாய் முதலியவற்றைக் கையாளுமுன்னும், குருதி முதலியவை படக்கூடிய பணிக்குப் பின்னும், நோயாளியைத் தொட்டபின்னும், அவரைச் சூழ்ந்துள்ள பொருள்களைத் தொட்டபின்னும் கைகளைத் தூய்மை செய்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த விதி.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நோயாளிக்காக ஒரு மணி நேரத்தில் 20 முறை கைகளைத் தூய்மை செய்ய நேரிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிடம் வேண்டும். அதற்கே 10 நிமிடம் செல்லும். ஒரு செவிலியரிடம் மூன்று நோயாளிகளை ஒப்படைத்தால் அரைமணி நேரம் கைத்தூய்மைக்கே செல்லும். எஞ்சிய அரைமணி நேரத்தில் மூவருக்கும் மருந்தளித்து, மூவரையும் திருப்பிப் படுக்கவைத்து, மூவர் குறிப்பையும் எழுதுவது எவ்வாறு? அந்நேரத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் செவிலியர் ஓடத்தான் செய்வார். ஓடும் அவசரத்தில் கைகழுவுதல் தவறும். இது சோம்பலால் நேரும் பிழை அன்று. ஆள் குறைவால் நேரும் பிழை. உலகில் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் எண்ணிக்கை குறைந்தபோது நோயாளிகளுக்குப் புதுத்தொற்று உண்டாவது மிகுந்ததைக் கண்டிருக்கின்றன.

மருத்துவமனைக்கு வந்த பின்னர் அங்கேயே பற்றும் நோய்கள் எத்துணைக் கொடியவை என்பதற்கு, உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை சான்றாகும். செல்வம் மிக்க நாடுகளில், தீவிர நோய்களுக்கு மருத்துவம் செய்யும் மருத்துவமனைகளில் தங்குவோருள் 100க்கு 7 பேருக்கும், ஏனைய நாடுகளில் 100க்கு 15 பேருக்கும் இத்தொற்று உண்டாகிறது. அவ்வாறு தொற்றியவருள் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கின்றார் என்று அவ்வறிக்கை கூறுகின்றது. ஒரு நோய்க்கு மருந்து தேடி வந்தவர் மற்றொரு நோய்க்கு இரையாவதைவிடக் கொடுமை வேறு யாது? தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒவ்வொரு பணிவேளையிலும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற அளவை நம் நாட்டில் இந்தியச் செவிலியர் மன்றம் நெறியாக வகுத்திருப்பது இக்காரணம் பற்றியே பொருத்தமுடையதாகின்றது.

செவிலியரின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் எல்லாத் தொற்றும் ஒழிந்துவிடும் என்று கூறுவதும் முழுவுண்மை ஆகாது. தூய நீர் வேண்டும். இடைவெளியுள்ள படுக்கைகள் வேண்டும். தூய்மைப் பணியாளர் வேண்டும். அனைவருக்கும் பயிற்சியும் வேண்டும். ஆனால், இவை யாவும் இருந்தும் செவிலியர் இல்லையெனில் அவற்றை நோயாளியிடம் கொண்டு சேர்ப்பவர் எவரும் இரார். விலையுயர்ந்த கருவிகளை வாங்கி வரிசையாக நிறுத்திவிட்டு, அவற்றின் அருகில் நிற்கச் செவிலியரை அமர்த்தப் பொருளில்லை என்று கூறுவது, நிலத்தை உழுது நீரும் பாய்ச்சிய பின், விதை வாங்கப் பணமில்லை என்பதை ஒக்கும்.

நிறைவு

ஐடா அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் திண்டிவனத்து இரவையே எடுத்துரைப்பர். அந்நிகழ்ச்சி உருக்கமானதே. ஆயினும், அவ்விரவு அவருக்குத் தந்தது இரக்கம் மட்டும் ஆயின், மூன்று பெண்களுக்காகக் கண்ணீர் விட்டு அவர் அமைந்திருப்பார். அவரோ அவ்விரக்கத்தைப் பயிற்சியாக மாற்றினார். தாம் ஒருவர் ஓடி ஓடி உழைப்பதனால் மட்டும் ஊர் பிழைத்துவிடாது என்பதைக் கண்டு, தம்மைப் போல் உழைக்கப் பலரை உருவாக்கினார். ஒரு கட்டிலுடன் தொடங்கிய அவர் பணி, அவர் காலத்திலேயே நூற்றுக்கணக்கான படுக்கைகளாகப் பெருகியது. அப்படுக்கைகளுக்கு அருகில் நின்றவர்கள் அவர் நிறுவிய பள்ளியில் பயின்றவர்கள்.

நம்மூர்களில் எவரேனும் பெருநோய் உற்றால், பரங்கிப்பேட்டையிலிருந்தும் அதனைச் சுற்றியுள்ள கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும் சிதம்பரத்திற்கும் கடலூருக்கும் நோயாளியை எடுத்துச் செல்கின்றனர். அங்கு மருத்துவமனை வாயிலில் காத்து நிற்கும் உறவினர், மருத்துவர் யார், கருவிகள் உள்ளனவா என்று உசாவுவர். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் அருகில் நிற்பவர் யார், அவரிடம் எத்தனை நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டுள்ளனர் என்று எவரும் கேட்பதில்லை. அதனையும் கேட்கும் அறிவு நாட்டு மக்களுக்கு வரும்நாளே மருத்துவமனைகள் மேம்படும் நாளாகும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் செவிலியர் ஆவீர்கள். சிலர் மருத்துவமனைகளுக்குப் பொருள் ஒதுக்கும் பொறுப்பில் அமர்வீர்கள். செவிலியர் ஆகின்றவர் ஆணாயினும் பெண்ணாயினும், தம் தொழில் ஏனைய தொழில்களுக்குத் தாழ்ந்தது என்று எண்ணுதல் வேண்டா. மருத்துவர் ஆகின்றவர் தம் அருகில் நிற்கும் செவிலியரைத் தமக்கு ஒப்ப மதித்தல் வேண்டும். பொருள் ஒதுக்கும் பொறுப்புடையவர், கட்டடத்தையும் கருவியையும் எண்ணும்போதே, நோயாளியின் அருகில் நிற்கும் கைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வள்ளுவர் வகுத்த நான்காம் கூறினை நாட்டில் நிறைவுறச் செய்வதே ஐடா அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.